கந்தையா அண்ணைக்கு வாசிக்காமல் விட்ட செய்தி

சுருட்டுச் சுற்றுகிறவனுக்குக் கை ஓயாது, காது மட்டும் சும்மா கிடக்கும்; அந்தக் காதுகளுக்குப் பேப்பர் வாசிப்பதுதான் என் தொழில். இணுவிலில் ஒரு சுருட்டுக் கொட்டில். முப்பது பேர் பாயில் இருந்து சுற்றுவார்கள். நான் ஒரு பெட்டிக்கு மேல் ஏறி இருந்து பின்னேரம் வரை கத்துவேன். சம்பளம் முதலாளி தருவதில்லை. சுற்றுகிறவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சச் சுருட்டு எனக்கென்று சுற்றித் தருவார்கள். புகையிலைக் காரம் தொண்டையில் ஏற, இருமி இருமி வாசிக்க வேணும். வாத்தியார்மாரே, ஏலம் கூறுகிற ஐயாமாரே, என் பாடு உங்களுக்காவது விளங்கும்.

ஆறாய்ப் பிரிந்த தோட்டம்

ஒரு வருஷம் சீமையின் பழைய சரித்திரம் ஒன்று கிழமைக்குக் கிழமை பேப்பரில் வந்தது. அங்கே சனம் பெருகிவிட்டதாம். பெரிய ஆக்கள் காணிகளை வேலி அடைத்து எடுக்க, கமம் செய்தவர்கள் ஆலை வேலைக்குப் போனார்களாம்.

முன்வரிசையில் கந்தையா அண்ணை. அவருடைய சுருட்டென்றால் கடைக்காரர் பெயர் சொல்லிக் கேட்பார்கள். சண்டிலிப்பாயில் தகப்பனின் தோட்டம் ஆறு பிள்ளைகளுக்குப் பிரிந்து, அவர் பங்குக்கு வந்தது நாலு பரப்புத் துண்டுக் காணி. அதை நம்பி இருக்க ஏலாமல்தான் கொட்டிலுக்கு வந்தவர். நான் வாசித்து முடிய, இலையைக் கத்தரித்தபடியே சொன்னார்: “அங்கை வேலி அடைச்சுத் துரத்தினாங்கள். எங்கடை அம்மா ஆறு பெத்தே துரத்திப்போட்டா.”

பிரபுவும் குரக்கனும்

அடுத்த கிழமை கமத்தைப் பற்றி வந்தது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காமல், மாற்றி மாற்றி வைத்தால் மண் களைக்காது என்று அங்கே ஒரு பிரபு எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தாராம். புகையிலை கொண்டுவந்த கமக்காரர் ஒருவர் வண்டிலை அவிழ்த்துவிட்டு வாசலில் நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“உதுக்கு ஒரு பிரபு வேணுமே? பொயிலை வெட்டினாப் பிறகு குரக்கன் வைக்கிறதெண்டு என்ரை மாட்டுக்கே தெரியும்!”

ஒண்டும் இல்லை

மூன்றாம் கிழமை ஆலைகளின் கதை. மெஷின் வந்து, கைத்தறிக்காரர் தெருவுக்கு வந்தார்களாம். அதையும் உரத்து வாசித்தேன். அதற்குக் கீழே நாலு வரியில் வேறொரு செய்தி கிடந்தது. வெளிநாட்டில் எங்கேயோ சுருட்டையே சுற்றுகிற மெஷின் செய்துவிட்டார்கள். ஒன்று பத்துப் பேரின் வேலையைச் செய்யுமாம்.

கந்தையா அண்ணையின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அந்த நாலு பரப்பையும் சீதனமாக எழுதப்போகிறார். கையில் தொழில் இருக்குது, இனிக் காணி எதற்கு என்பது அவருடைய எண்ணம். இந்த நேரத்தில் இதைப் போய் வாசிப்பதா? நல்ல காரியம் குழம்பக் கூடாதென்று பேப்பரை மடித்துப் போட்டேன்.

“எங்கடை தொழிலைப் பற்றி ஏதும் கிடக்கோ தம்பி?” என்று அவரே கேட்டார்.

“ஒண்டும் இல்லை அண்ணை.”

“அப்ப நல்லது. வெள்ளிக்கிழமை நொத்தாரிசிட்டைப் போய்ச் சீதன உறுதி எழுதுறன்.”

சுருட்டுக் கட்டின தாள்

உறுதி எழுதியாயிற்று. அடுத்த கிழமை, சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க ஒரு கட்டுச் சுருட்டைப் பழைய பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். என் கெட்ட காலம், அது அதே தாள். உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்த மகள் கண்ணில் கண்டதெல்லாம் வாசிப்பாள். அதையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

விடிய வந்து தாளை என் மடியில் போட்டார். “வாசியும்.”

வாசித்தேன். முப்பது பேரும் கேட்டார்கள், ஒரு கையும் நிற்கவில்லை. உங்களில் ஆராவது நன்மை செய்கிறேன் என்று நினைத்து ஒருவரின் வாழ்வில் மண் போட்டிருந்தால், அந்த வெட்கம் எப்படியென்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் கோபப்படவுமில்லை, ஏசவுமில்லை.

“நாங்கள் உமக்குச் சுருட்டுச் சுத்தித் தாறது வாசிக்கிறதுக்குத் தம்பி. எங்களுக்காக யோசிக்கிறதுக்கு இல்லை.”

மருமகனின் காணி

அந்த மெஷின் கடைசிவரை எங்கள் பக்கம் வரவே இல்லை. வந்தது சிகரெட். கொழும்புக் கடைகள் அதற்கு மாற, முதலாளி ஆட்களைக் குறைத்தார், கந்தையா அண்ணையும் நின்றுவிட்டார். ஒருநாள் சண்டிலிப்பாய்ப் பக்கம் போனபோது, அதே நாலு பரப்பில் மண்வெட்டியோடு நின்றார். வேலியில் சைக்கிளைச் சாத்தினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர்தான் கதையைத் தொடங்கினார்.

“வாரும் தம்பி. முந்தி என்ரை காணியெண்டு சும்மா கிடந்தது. இப்ப மருமோன்ரை காணி, கூலிக்குக் கொத்திறன்.”

அன்றிலிருந்து மருந்து விளம்பரம் முதல் அச்சிட்டவர் பெயர் வரை ஓர் எழுத்து விடாமல் வாசித்து வந்தேன், கேட்கத்தான் கொட்டிலில் வரவர ஆள் இல்லை.