மணி அடித்ததும் நின்ற வாக்கியம்

நான் படித்த பள்ளியில் பாடப்புத்தகத்தைப் படிப்பது ஒரு மரியாதைக்குறைவான காரியம். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் பத்தாம் வகுப்பில் இருந்தேன். வரலாறு புவியியல் புத்தகத்தை ஜூன் மாதம் வாங்கி, பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பையின் அடியில் வைத்துவிடுவோம். கோடை விடுமுறையில் கசங்காமல் எடுத்து கீழ் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவோம். படிப்பதற்கென்று இருந்தது நோட்ஸ் மட்டும்தான்.

அந்த நோட்ஸைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்த சாருக்கு ஊரில் பெரிய பேர். செட்டியார்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து பழைய மாணவிகளிடம் அவருடைய நோட்ஸைக் கேட்டு வாங்கிப்போவார்கள். பழுப்பேறிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அவரே சொல்லிவிடுவார். அந்தச் சிரமம்கூட எங்களுக்கு வைக்கவில்லை. சந்தேகம் கேட்டால் முதலில் எழுதி முடி என்பார். எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இதற்குப் பெயர் பாடம் நடத்துவது.

எனக்கு மேலே படிக்க வேண்டும் என்று வெறி இருந்தது. அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. பொம்பளைப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பே அதிகம் என்று சொந்தக்காரர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அப்பா அவ்வளவு மோசமில்லை, ஒரு நிபந்தனையோடு நிறுத்திக்கொண்டார். எல்லாப் பாடத்திலும் தேறினால் பிளஸ் ஒன். அரைப்பரீட்சையில் ஒன்றில் தவறினாலும் பள்ளிக்கூடம் போதும், அத்தை போகும் மில்லுக்கு நானும் போக வேண்டியதுதான். சொன்னால் செய்கிறவர் அவர்.

வீட்டில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சத்தம் கேட்டால்தான் படிப்பு என்று அம்மா நம்பினார். எங்கள் தெருவில் விடிகிற நேரம் எல்லா மொட்டைமாடிகளிலும் பிள்ளைகள் நடந்துகொண்டே கத்துவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை அதிகமாகக் கத்துகிறதோ அதுதான் நன்றாகப் படிக்கிற பிள்ளை. நான் மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு புத்தகம் படிப்பேன். "ஏட்டி, சத்தத்தையே காணோம், தூங்குதியா?" என்று உள்ளிருந்து குரல் வரும். வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளே படிக்க முடியும் என்பதை அம்மா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

பருவமழைப் பாடம் வந்தது. எங்கள் வகுப்பின் மேற்கு ஜன்னலில் மலைதான் தெரியும். ஆனி ஆடியில் உச்சியில் மேகம் கறுத்துக் கிடக்கும். ஊருக்குள் புழுதிக் காற்றும் பேருக்குக் கொஞ்சம் சாரலும்தான் வரும். காரணம் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு உயரத்துக்கு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். "மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே தென்மேற்குப் பருவமழை குறைவாகப் பெய்கிறது, ஏனெனில்" என்று சார் சொல்லும்போது மணி அடித்தது. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்தவர் விட்ட இடத்தைத் தேடவில்லை. அடுத்த தாளை எடுத்தார். தலைப்பு மாறியதைச் சொல்லவும் மறந்துவிட்டார். "கரிசல் மண் பருத்தி விளைய ஏற்றது, முற்றுப்புள்ளி" என்றார். மொத்த வகுப்பும் நேற்று நின்ற இடத்தோடு ஒட்டி அதை எழுதியது. ஆக, கரிசல் மண்ணில் பருத்தி நன்றாக விளைவதால் எங்கள் ஊரில் மழை குறைவு. ஒரு தலையும் நிமிரவில்லை. பிறகு நோட்ஸைத் திருத்திய சாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. மார்ஜின் போட்டிருக்கிறதா, பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அரைப்பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. நான் புத்தகத்தில் படித்ததை என் வாக்கியத்தில் எழுதினேன். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறி மேற்குப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது, நம் பக்கம் இறங்கும்போது காய்ந்துபோய் வருகிறது என்று. மற்ற பதில்களையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தாள் முழுக்கச் சிவப்புக் கோடு. தேறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பருத்திக் காரணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண்ணும் 'வெரி குட்'டும் வாங்கியிருந்தாள்.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். சார் மரியாதையாகத்தான் பேசினார். "புள்ளைக்கு அறிவு இருக்கு, இல்லங்கல. ஆனா நோட்ஸை மதிக்க மாட்டேங்கா. சொந்தமா எழுதுதா." ஏதோ திருடிவிட்டேன் என்பதுபோல் குரலைத் தாழ்த்தி அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சொன்னார். நான் புத்தகத்தை விரித்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"அவிய சொன்னபடி எழுதிட்டுப் போயேம்மா. புத்தகமா மார்க்குப் போடுது?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. சார் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். நோட்ஸ் முழுவதையும் அவர் முன்னால் ஒப்பித்துவிட்டால் மறுபரீட்சை வைத்துத் தேற விடுவார். ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். மழை குறைவாகப் பெய்கிறது, ஏனெனில் கரிசல் மண் பருத்தி விளைய ஏற்றது. அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன், கண்ணைத் திறப்பாரா என்று பார்க்க. திறக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் மலை அப்படியே நின்றது. மறுபரீட்சையில் தேறினேன், பிளஸ் ஒன் சேர்ந்தேன். பொதுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வராமல் போனது சாரின் அதிர்ஷ்டம்.

தொண்ணூறுகளில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய் மலைமேல் இருக்கிற பெருமாளைச் சேவித்துவிட்டு, ஊருக்குள் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் அப்போது பத்தாம் வகுப்பு. மொட்டைமாடியில் நடந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தாள். படியேறிக்கொண்டிருந்த நான் பாதியில் நின்றுவிட்டேன். "குறைவாகப் பெய்கிறது ஏனெனில் கரிசல் மண் பருத்தி விளைய ஏற்றது."

டியூஷனில் கொடுத்த ஜெராக்ஸ் என்றாள். வாங்கிப் பார்த்தேன். உருண்டை உருண்டையான அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். 'வெரி குட்' வாங்கியவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து டியூஷன் நடத்திக்கொண்டிருந்தாள். நல்ல கூட்டமாம். ஒரே ஒரு நாள் அடித்த மணி இத்தனை வருஷம் கழித்தும் எத்தனை பிள்ளைகள் வாயில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிள்ளையை மேற்கே திருப்பி நிறுத்தி மலையைக் காட்டினேன். காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே முட்டுகிறது, நமக்கு ஏன் மிச்சம் வருவதில்லை என்று சொன்னேன். சூட்டிகையான பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் தேனிக்காரர்களுக்கும் இதே கதைதானா என்று திருப்பிக் கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெராக்ஸில் பருத்தியை அடித்துவிட்டுப் பென்சிலால் சரியான காரணத்தை எழுதிக்கொடுத்தேன்.

காபி குடித்துவிட்டுத் திரும்பி மேலே வந்தபோது அவள் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தூளை ஊதிவிட்டாள்.

"நல்லாப் புரிஞ்சிட்டு சித்தி. ஆனா திங்கக்கிழமை டியூஷன்ல டெஸ்ட்டு. மாத்தி எழுதுனா அவிய அடிச்சிருவாவ. நான் பிளஸ் ஒன் போணும்லா."

பதில் சொல்ல வாயெடுத்தேன். எந்த வாக்கியத்தை ஒப்பித்து நான் பிளஸ் ஒன் போனேன் என்பது நினைவுக்கு வந்தது. அவள் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்துகொண்டே, முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

கீழே அடுக்களையிலிருந்து அக்கா பெருமையாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "எப்படிப் படிக்கா பாத்தியா?"