சுதர்ஷினி டீச்சரின் இரண்டு நாவல்கள்

லுணுகலையில் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவள் சுதர்ஷினி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லய வரிசை வீடொன்றில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு நாவல்களின் உத்திகளை ஒப்பிடுவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒன்றில், மாடிக் குடியிருப்பில் செத்துக் கிடப்பவனே கதை சொல்லுவான். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. மற்றது தோட்டத்துக் கதை. அதில் சாவெல்லாம் ஒரே வரிதான்: 'மறுநாள் காலை வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது அவன் வரவில்லை.' அடுத்த வரியில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

"ஒரு சாவ இப்பிடியா சொல்றது? தந்தி அடிக்கிற மாதிரி!" என்று ஆசிரியர் அறையில் அந்த எழுத்தாளரைக் கிழித்துத் தொங்கவிடுவாள். முதல் நாவலுக்குத்தான் எப்போதும் வக்காலத்து. எனக்கு இரண்டுமே பிடிக்காது. நான் கணக்கு வாத்தியார்.

போன மழையில் அவள் பிறந்த லயத்தின் மேல் மலை சரிந்தது. தம்பி ஜெயரூபன் உள்ளே இருந்தான். மருந்தெடுக்க லுணுகலைக்கு வந்திருந்த அம்மா பெரியாயி தப்பினாள். பெக்கோ மெஷின் கொண்டுவந்து தோண்டினார்கள். மலை இன்னும் இறங்குகிறதென்று பாதியில் நிறுத்தி, யாரும் போகக்கூடாதென்று நாடா கட்டிவிட்டார்கள். ஜெயரூபன் கிடைக்கவேயில்லை.

அம்மாவைச் சுதர்ஷினி தன் வாடகை அறைக்குக் கூட்டி வந்தாள். கருமாதி செய்யாவிட்டால் தம்பி அலைவான் என்று உறவுகள் நெருக்கின. அம்மா மசியவில்லை.

"ஒடம்பக் கண்ணால பாக்காம எம்புள்ளைக்குக் கருமாதியா? அவனே வந்து சொல்லட்டும்."

அது பைத்தியக்காரப் பேச்சில்லை. அவர்கள் தோட்டத்தில் கோடாங்கி உடுக்கடித்தால் செத்தவர்கள் யார் மேலாவது வந்து பேசுவார்கள்.

ஒரு பின்னேரம் சுதர்ஷினி மறுநாள் பாடத்துக்காக முதல் நாவலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். 'நான் செத்துப்போய்விட்டேன். அதை நானேதான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.' அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாய்யா? அக்கா மேல வந்துட்டியா?"

இது புத்தகம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. இந்தச் சாக்கிலாவது அம்மா சம்மதிக்கட்டும் என்று நினைத்தாளாம். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமாம்மா. நான் போயிட்டேன். கருமாதிய செஞ்சிருங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "செய்றேன் சாமி. மண்ணு பாரமா இருக்கா?"

"இல்லம்மா."

"எங்கய்யா கெடக்குற? எடத்தச் சொல்லு. நாடாவ அத்துக்கிட்டாவது வந்து ஒன்னைய எடுத்துர்றேன்."

சுதர்ஷினி புத்தகத்தைப் பார்த்தாள். அதில் செத்தவன் தன் கட்டிலையும் ஜன்னலையும் ஆறிப்போன கோப்பியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னால் அம்மா மம்பட்டியோடு போய் அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடுவாள். அதனால் அவள் வாயே திறக்கவில்லை. தோட்டத்து எழுத்தாளர் ஏன் ஒரு வரியோடு நிறுத்தினார் என்பது அப்போதுதான் விளங்கியதாம். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை.

அம்மா கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அவனுக்கே தெரியலடி. எங்க கெடக்கோம்னு எம்புள்ளைக்கே தெரியல. அவன எங்கேருந்துடி அனுப்பிவைக்கிறது?"