உறுமாத பஸ்

இன்று காலை மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் புது எலக்ட்ரிக் பஸ் நின்றது. பையை சீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இன்ஜின் உறுமினால் ஓடிப்போய் ஏறலாம், அதுதானே நம் வழக்கம்?

உறுமலே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பஸ் நகர்கிறது. பையில் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்!

ஓடிப்போய்ப் பக்கவாட்டில் தட்டி நிறுத்தி ஏறினேன். "கெளம்புறப்ப ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாண்ணே?" என்று டிரைவரிடம் கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எப்படித் தம்பி குடுக்க? இருபது வருசம் டீசல் வண்டி ஓட்டுனேன். நின்ன எடத்துல ரெண்டு மிதி மிதிச்சா டீக்கடையே காலியாகும். இதுல மிதிச்சா வண்டிதான் போகுது. ஹாரன் அடிச்சா ஏறாம ஒதுங்கி நிக்கிறாய்ங்க."

எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

பெரியார் பஸ் நிலையத்திலும் பாதிப் பேர் பையை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். கிளம்பும் நேரம் வந்ததும் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வாயாலேயே "ட்ர்ர்ர்ர்ர்" என்று உறுமினார்.

அத்தனை பேரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள்.

பஸ்ஸுக்கு டிப்போவில் சார்ஜ் போட்டுவிடுவார்கள். அண்ணன் தொண்டைக்கு? அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு போங்கள், மக்களே.