ஆணி அடித்த படலை

நான் சமைத்துத் தின்ற ஒரு காய்க்காக இன்னொருவர் கள்ளன் என்ற பெயரோடு வாழ வேண்டி வந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. அவருடைய தோட்டத்துக்கும் அயல் தோட்டத்துக்கும் நடுவே இருந்த சின்னப் படலையை, அந்த வேலிக் கதவை, ஆணி அடித்து மூடியவனும் நான்தான்.

கனடாவுக்கு வருமுன், எழுபதுகளின் கடைசியில், இங்கிலாந்தில் ஒரு சிறிய சந்தை நகரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த ஓர் அம்மாவின் வீட்டில் மேல்மாடி அறை. வீட்டுக்குப் பின்பக்கம் அவருடைய தோட்டம். வேலிக்கு அப்பால் இன்னொரு தோட்டம். அதன் சொந்தக்காரர் நாற்பதைக் கடந்த, அதிகம் பேசாத மனிதர். இருவரும் அந்தப் படலை வழியாக ஒருவருக்கொருவர் கேக்கும் உரமும் கொடுத்து வாங்குவார்கள்.

நான் அங்கே கழித்த முதல் கோடையில் வீட்டுக்கார அம்மா தன் சகோதரி வீட்டுக்குப் போனார். போகும்போது, தோட்டத்தில் இருப்பதை எடுத்துச் சமைத்துக்கொள் என்றார். அந்த வார இறுதியில் லண்டனிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள். தோட்டத்தில் தேடியபோது இலைகளுக்கு அடியில் பச்சை வரி ஓடிய மாரோ ஒன்று கிடந்தது. எங்கள் சுரைக்காய்க்குச் சொந்தம் போன்ற ஒரு காய், கைக்குழந்தை அளவு. கீழே வைக்கோல் பரப்பியிருந்தது. முற்ற விட்டு மறந்துவிட்டார், பாவம் என்று நினைத்தேன். எங்களூரில் அந்தப் பருமனுக்கு ஒரு காயை யார் விட்டு வைப்பார்கள்? தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன்.

"மச்சான், உவங்களுக்கு எப்ப பிடுங்கிறதெண்டு தெரியாது. முத்த விட்டுப் பழுதாக்கிறாங்கள்" என்றான் ஒருவன், மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டே. தோலையும் விதைகளையும் வேலியோரம் கொட்டினேன்.

அம்மா திரும்பி வந்து அந்தக் கொடியின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி வேலிக்கு அப்பால் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் பாதி விளங்கியது. அது நகரத்தின் கண்காட்சிக்கு வளர்த்த காய். ஒவ்வொரு ஆண்டும் அம்மாவுக்கு முதற்பரிசு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டாவது. "அவன்தான்" என்றார். அந்த வாரத்துக்குள் ஊரும் அதையே சொல்லத் தொடங்கியது. நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த அறையை விட்டால் எனக்கு அந்த நாட்டில் போக இடமில்லை. இது காரணம்தான், நியாயம் இல்லை.

மீதிப் பாதி கண்காட்சியில் விளங்கியது. பெரிய கூடாரத்துக்குள் வெள்ளைத் துணி விரித்து வெங்காயங்களைத் தொட்டிலில் போடுவதுபோல் கிடத்தியிருந்தார்கள். வங்கி மேலாளரும் தெருக் கூட்டுகிறவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அவற்றின் முன் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்றார்கள். யாரும் உரத்துப் பேசவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மண்ணிலிருந்து வந்த ஒன்றுக்கு மனிதர்கள் அவ்வளவு மரியாதை செய்வதை நான் கோயில்களில் மட்டுமே பார்த்திருந்தேன். நான் எதைத் தின்றேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு முதற்பரிசு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. பெயரை வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. அவர் போய் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் அம்மா சுத்தியலையும் ஆணிகளையும் என் கையில் தந்து படலையைக் காட்டினார். அடித்தேன். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் அவரைக்காய் ஆய்ந்துகொண்டு நின்றார். ஓர் ஆணி வளைந்து போனதால் அதை மறுபடி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி காய் ஆயத் தொடங்கினார்.

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வாழ்க்கை முழுவதையும் வாழ்ந்து முடித்துவிட்டேன். இப்போது இங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு யன்னலருகே இருந்து, காலைத் தேநீரோடு அந்த இங்கிலாந்து நகரத்தின் இணையப் பக்கத்தை வாசிப்பேன். காணாமல் போன பூனை, குப்பை எடுக்கும் நாள் மாற்றம், தேவாலய மணிக்குப் புதுக் கயிறு. பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனால் நடக்கிற எதையும் அவர்கள் சிறிதாக விடுவதுமில்லை. அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

"உங்கை பூனை துலைஞ்சா உங்களுக்கென்ன? பிளேன் ஏறிப்போய்த் தேடப் போறியளே?" என்பாள் மனைவி.

சென்ற இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கத்தில் கண்காட்சிப் படம் ஒன்று வந்தது. ரிப்பன் வெட்டுவதற்காகச் சக்கர நாற்காலியில் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். தொண்ணூறைக் கடந்தவர். படலைக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்த அதே கண்கள். என் கையில் தேநீர் ஆறிப்போனது. அன்றுதான் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். படலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னட்டைச் சொல்லி என்ன? அந்த மனுசன் இருக்கேக்கை அவரிட்டைச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் மூலம் அவருடைய மகளைப் பிடித்தேன். மகள் தொலைபேசியை அவர் காதருகே வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

தெரியும் என்றார். அன்று மாலையே எங்கள் குசினி யன்னலிலிருந்து வந்த வாசம் அவர் தோட்டம் முழுவதும் நின்றதாம். வேலியோரம் தோலையும் விதைகளையும் கண்டு, மற்றவர்கள் காணுமுன் மண்ணில் புதைத்துவிட்டாராம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு இந்த ஊர் முழுவதும் இருந்தது. உனக்கு ஓர் அறைதான் இருந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, அம்மாவின் கோபம் ஒரு குளிர்காலத்தில் தணிந்துவிடும் என்று நம்பியதாகவும், அந்தக் கணக்கு மட்டும் பிழையாகிவிட்டதாகவும் சொன்னார். அம்மா சாகும்வரை அவரோடு பேசவில்லை. அம்மாவின் மரணச் சடங்கில் இவர் தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாராம். அதற்குப் பிறகு அவர் மாரோ வளர்க்கவே இல்லை.

பிறகு அவரே கேட்டார். "எப்படி இருந்தது, அந்தக் கறி?"

மிக நன்றாக இருந்தது என்றேன். அது உண்மை. அவர் சிரித்தார்.

அவருடைய சம்மதத்தோடு முழுக்கதையையும் என் பெயரில் அந்த இணையப் பக்கத்துக்கு எழுதினேன். குப்பை அறிவித்தலுக்கும் கேக் விற்பனைக்கும் நடுவே அது வந்தது. வெட்கமில்லையா என்று ஒருவர் எழுதினார். அவர் கேட்டது சரி. இன்னொருவர் கறியின் செய்முறை கேட்டார். அன்று கூடாரத்துக்குள் கைதட்டாமல் இருந்தவர்களில் ஒருவர், இப்போது வயோதிபர், தன் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அம்மாவின் வீட்டில் இப்போது ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. அவர்களும் வாசித்துவிட்டுப் படலையின் ஆணிகளைப் பிடுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மகள் படம் அனுப்பினாள். நான் வளைத்து அடித்த ஆணி மட்டும் வரவில்லையாம். அதன் தலையை அரிந்து எடுத்திருக்கிறார்கள். படலை திறந்திருந்தது. சக்கர நாற்காலி அதற்குள் போகாது. அதனால் அவரைத் தெருவைச் சுற்றிக் கொண்டுபோய், அம்மாவின் தோட்டத்தில் நிறுத்தி, அங்கிருந்து அவருடைய தோட்டத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள்.