வைக்கோல் தூசி

என் கண்களுக்குக் கீழே தொங்கும் சதைப் பைகளின் மேல் மனைவி குளிர்ந்த வெள்ளரித் துண்டுகளை வைத்தாள். அந்தப் பச்சை வாசனையில் சின்ன வயதில் வாழ்ந்த நீடாமங்கலம் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அறுவடை நாட்களில் வைக்கோல் தூசி பட்டால் அண்ணனுக்குக் கண்கள் வீங்கிவிடும். அம்மா அவனை மடியில் கிடத்தி, வெள்ளரியை நறுக்கி ஒற்றுவாள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் வைக்கோல் போரில் முகத்தைப் புதைத்துப் புரண்டேன். தும்மல்கூட வரவில்லை.

"எனக்கும் வீங்கியிருக்கு, பாரும்மா."

"உனக்கு ஒண்ணும் ஆவாதுடா. போயி கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டு."

இப்போது வயதானதில் தோல் தளர்ந்து, கொழுப்பு முன்னே தள்ளிவிட்டதாம். வெள்ளரி வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், பைக்கு அறுவை சிகிச்சைதான் என்கிறார் மருத்துவர். அதெல்லாம் எனக்கும் தெரியும்.

அண்ணனுக்கு இந்த வயதிலும் பை இல்லை. அம்மா இருந்தபோதே வீங்கி முடித்துவிட்டான், கெட்டிக்காரன்.