“எந்தத் தெரு?” என்று கேட்பதை விட்ட கடை

ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை கேட்டு யார் வந்தாலும் முதலாளி முதலில் கேட்பது, “எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்பதுதான். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். காலனி என்றவர்களுக்குக் குடோனில் வேலை உண்டு. கல்யாணச் சேலை கவுண்டரில் கிடையாது. முதலாளி கெட்டவர் இல்லை. ஸ்டாஃபுக்கு உடம்பு முடியவில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனால் இது தப்பு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் அவரிடம் சொன்னேன்: “தெருவைக் கேக்க வேணாம் சார். ஒரு சேலையைக் குடுத்து, கஸ்டமருக்குக் காட்டற மாதிரி காட்டச் சொல்லுவோம். குடோன்ல இருக்கறவங்களும் அந்த டெஸ்டுக்கு வரட்டும்.”

“கஸ்டமர் எதனா சொன்னா?”

“பாத்துக்கலாம் சார்.”

அரைமனதாகத் தலையாட்டினார்.

அப்படிக் குடோனிலிருந்து கவுண்டருக்கு வந்தவள் செல்வி. தேவிகாபுரத்துப் பெண். மணப்பெண்ணின் தோளில் சேலையைப் போட்டுவிட்டு, “கண்ணாடிய அப்புறம் பாருங்க. மொதல்ல உங்க அம்மா மொகத்தப் பாருங்க” என்பாள். அம்மாக்கள் உருகிவிடுவார்கள்.

முகூர்த்த சீசனில், போளூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு குடும்பம் வந்தது. செல்வி சேலை காட்டிக்கொண்டிருந்தபோது மணப்பெண்ணின் அத்தை பேச்சுவாக்கில் ஊரைக் கேட்டார். பிறகு, “அங்க எந்தத் தெரும்மா?” என்றார்.

“காலனிங்க” என்றாள் செல்வி.

அத்தை முதலாளியைப் பார்த்து, “வேற ஆள வரச் சொல்லுங்க” என்றார்.

முதலாளி எழுந்து வந்தார்.

“இந்தக் கவுண்டருக்கு இந்தப் பொண்ணுதாங்க. வேற ஆள அனுப்ப மாட்டேன்.”

அவர்கள் போய்விட்டார்கள். செல்வி சேலைகளை மடித்தபடி, “என்னாலதானே சார்” என்றாள்.

“இல்லம்மா. இத்தினி வருஷமா நானும் அதைத்தான் கேட்டுகினு இருந்தேன். அந்தம்மா கேக்கசொல்லதான் அது எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுது.”

அவர் எழுந்து வந்தது அவருடைய நல்ல மனசு. என் திட்டத்தில் அது இல்லை. சமத்துவத்துக்கு விதி எழுதுகிறவர்கள், வியாபாரம் கைவிட்டுப் போகும் நேரத்தில் யார் எழுந்து நிற்பது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒருவருடைய நல்ல மனசை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்த வாரம் ஸ்டாஃப் எல்லோரும் உட்கார்ந்து, இனி கஸ்டமர் யாராவது அப்படிக் கேட்டால் யார் என்ன சொல்வது என்று முடிவு செய்தோம். அதிகம் பேசியது செல்விதான்.