வசனத்தில் இல்லாத பெயர்

மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாய்க்குள் தண்ணீர் போனால் சத்தமே வராது. மட்டக்களப்பு வாவிக்குள் கிடந்துதான் அதைப் படித்தேன்.

நான் கல்லடிக்காரி. படங்களில் கதாநாயகிகளுக்குப் பதிலாக விழுகிறவள், குதிக்கிறவள். போன ஆனியில், கைகளைப் பின்னால் கட்டி என்னைத் தோணியிலிருந்து தள்ளுவதாக ஒரு காட்சி. கட்டு பொய்க்கட்டுத்தான். உள்ளங்கையில் இருக்கும் நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கரையில் எத்தனையோ தரம் அவிழ்த்துப் பார்த்தோம். ஆனால் "அம்மா, காப்பாத்துங்க" என்பது வசனம். உண்மையாகவே தாழ்ந்தால் எப்படித் தெரியும்? தண்ணீருக்குள் எனக்குக் காவல் நிற்கும் ஓட்டமாவடி பரீத் நானா வேறொரு சொல் தந்தார்.

"பிட்டு எண்டு கத்து தங்கச்சி. சாகப்போற ஒருத்தியும் பிட்டு கேக்கமாட்டாள்."

எல்லோரும் சிரித்தோம். வழக்கம்போல "இயேசப்பா" என்று வாய்விட்டு ஜெபித்துவிட்டு நான் தோணியில் ஏறினேன்.

விழுந்தேன். நுனியை இழுத்தேன். அவிழவில்லை. காய்ந்த தென்னந்தும்புக் கயிற்றிலேயே பழகியிருந்தோம். தண்ணீரில் ஊறியதும் அது இறுகிப்போனது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சேலை காலைச் சுற்றியது. மேலே வந்தபோது "காப்பாத்துங்க" என்றேன். கரையில் இயக்குநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றாக நடிக்கிறேனாம்.

மறுபடி தாழ்ந்தேன். அந்தச் சொல் என்ன? ஏதோ சாப்பாடு என்பது மட்டும் நினைவிருந்தது. சொல் வரவேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள் வாசலில் நின்று என்னைத் தேடுவாளே என்று நெஞ்சு பதறியது. ஆண்டவரே, என்னைக் கைவிட்டீரா என்று அழுதேன். தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? காலை உதைத்துக் கடைசியாக ஒருதரம் மேலே வந்தேன். "இயேசப்பா." அவ்வளவுதான் வந்தது.

ஒரு கை என் தலைமயிரைப் பிடித்து இழுத்தது.

கரையில் நானா கயிற்றைக் கத்தியால் அறுத்தார்.

"நான் பிட்டு எண்டு சொல்லேல்லையே நானா. எப்பிடித் தெரிஞ்ச?"

"படத்துல நீ கோயில் ஐயர்ட மகள். உன்ட வசனத்துல இயேசப்பா இல்லையே தங்கச்சி."

அன்றைக்கு அழுத அழுகை இன்னும் ஓயவில்லை. இப்போது நனைத்த கயிற்றில் பழகாமல் நாங்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. பிட்டையும் விட்டுவிட்டோம். "நீ உன்ட ஆளையே கூப்பிடு" என்கிறார் நானா.

அன்பானவர்களே, என்ன சொல்லி ஜெபிப்பது என்பதே மறந்துபோகிற நேரம் உங்களுக்கும் வரும். பயப்படாதீர்கள். பெயரை மட்டும் சொல்லுங்கள். அவருக்குக் கேட்கும்.